பி.ஐ.பி. கடிதம் வந்தால் என்ன செய்வது: முதல் நாளிலிருந்து முடிப்புக் கடிதம் வரை

ஒரு வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு மேலாளர் என்னைச் சின்ன கூட்ட அறைக்கு அழைத்தார். மனிதவளத் துறையிலிருந்து ஓர் அம்மையார் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார். மேசையில் மூன்று பக்கக் கடிதம் ஒன்று கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. செயல்திறன் மேம்பாட்டுத் திட்டம், 60 நாள். சென்னை ஓ.எம்.ஆர். பக்கத்து ஐ.டி. அலுவலகங்களில் எல்லோரும் பி.ஐ.பி. என்று தாழ்ந்த குரலில் சொல்வது இதைத்தான். குறித்த நாளுக்குள் குறைகளைச் சரிசெய்து காட்ட வேண்டும், தேறாவிட்டால் வேலை போகலாம்.

எனக்கு அந்த 60 நாள் 90 நாளாக நீண்டது. ஆனாலும் கடந்து வந்துவிட்டேன். நடுவில் ஓரிடத்தில் இரண்டு வாரங்களை முழுதாக இழந்தேன். மூன்றாம் படியில் அதைப் பற்றி வருகிறது. நேரம் இல்லாதவர்கள் அதை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

1. அந்த அறையில்

கையெழுத்துப் போடச் சொல்வார்கள். மறுக்க வேண்டாம், மறுத்தால் அதையே ஒழுங்கீனம் என்று எழுதிக்கொள்ள இடம் கொடுத்ததாகிவிடும். கையெழுத்துக்கு மேலே உங்கள் கையால் ஒரு வரி எழுதுங்கள்: "கடிதத்தைப் பெற்றுக்கொண்டேன். இதிலுள்ளவை குறித்த என் கருத்தைத் தனியே அனுப்புகிறேன்." தேதியும் போடுங்கள். மின்னணுக் கையெழுத்தாக இருந்தால் அதே வரியைப் பதில் மின்னஞ்சலில் அனுப்பினால் போதும்.

அதே அறையில் இன்னொரு பேச்சும் வரலாம். "இப்போதே ராஜினாமா கொடுத்துவிட்டால் உங்கள் பதிவில் ஒன்றும் இருக்காது" என்று மிகவும் கனிவாகச் சொல்வார்கள். அன்று எழுதிக் கொடுக்காதீர்கள். "யோசித்துச் சொல்கிறேன்" என்று எழுந்து வந்துவிடுங்கள். 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 41ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. ஆறு மாதமாவது தொடர்ந்து வேலை பார்த்தவரை, நியாயமான காரணமும் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ இல்லாமல் நீக்கக் கூடாது என்று அது சொல்கிறது. நீக்கினால் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டால் உங்களை யாரும் நீக்கவில்லை என்றாகிவிடும். மிரட்டி வாங்கினார்கள் என்று பிறகு நிரூபிப்பது மிகக் கடினம்.

2. அன்று இரவு

வீட்டில் சொல்லிவிடுங்கள். நான் ஒன்பது நாள் மறைத்தேன். தினமும் வழக்கமான முகத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டு எழுவதற்கே பாதித் தெம்பு போய்விட்டது. சொன்ன அன்று அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "வீட்டுக் கடன் தவணை எத்தனை மாதத்துக்குக் கையில் இருக்கிறது?" கணக்குப் போட்டுப் பார்த்தோம், நான்கு மாதம். அந்த எண் தெரிந்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

பிறகு ஒரு நோட்டு வாங்குங்கள். 192 பக்க நீள நோட்டு, கோடு போட்டது. கைப்பேசிச் செயலி, எக்செல் எல்லாவற்றையும் நான் முயன்று பார்த்திருக்கிறேன். இந்த வேலைக்கு நோட்டுக்கு இணையாக எதுவும் இல்லை. அலுவலக மடிக்கணினியில் எழுதி வைத்தால், வெளியேறும் நாளில் கணினியோடு சேர்ந்து அதுவும் போய்விடும். நோட்டு உங்கள் பையில் இருக்கும். ஒரு நாளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, செய்த வேலை, யார் என்ன சொன்னார்கள், எத்தனை மணிக்கு என்பதை எழுதுங்கள். வாடிக்கையாளர் பெயர், நிரல் வரி, கடவுச்சொல் போன்றவற்றை அதில் எழுதவே கூடாது.

அலுவலக மின்னஞ்சல்களைச் சொந்த முகவரிக்குத் தள்ளிவிடாதீர்கள். பெரும்பாலான நிறுவனங்களில் அது தகவல் பாதுகாப்பு விதிமீறல். பி.ஐ.பி.க்கும் அதற்கும் சம்பந்தம் இல்லாமலே அந்த ஒரு காரணத்துக்காக வேலை போகலாம். பி.ஐ.பி. கடிதத்தின் நகல் வேண்டுமென்றால் மனிதவளத் துறையிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். எனக்குக் கொடுத்தார்கள்.

3. ஒவ்வொரு வரியையும் எண்ணிப் பார்க்கக்கூடியதாக மாற்றுங்கள்

நான் இருந்தது மென்பொருள் ஆதரவுக் குழு. வாடிக்கையாளர் புகார் டிக்கெட்டாக வரும், சரிசெய்து மூடுவோம். என் கடிதத்தில் மூன்று குறைகள் சொல்லப்பட்டிருந்தன: பொறுப்புணர்வு போதவில்லை, தகவல் தொடர்பு மேம்பட வேண்டும், முன்முயற்சி தெரியவில்லை. நான் என்ன செய்தேன்? ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்து டிக்கெட்டுகளாக மூடித் தள்ளினேன். முதல் இரண்டு வாரத்தில் குழுவிலேயே அதிகம் மூடியது நான்தான். இரண்டாம் வாரக் கூட்டத்தில் மேலாளர் எண்களைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எண்ணிக்கை பரவாயில்லை. பொறுப்புணர்வுதான் இன்னும் தெரியவில்லை."

வேறு குழுவில் இருந்த அக்கா ஒருவர், இதே கட்டத்தைத் தாண்டி வந்தவர், கேன்டீனில் கடிதத்தை வாங்கிப் படித்தார். பென்சிலால் ஒவ்வொரு வரியையும் தொட்டுக்கொண்டே கேட்டார்: "தம்பி, இதில் எந்த வரி நிறைவேறியது என்று உன்னால் காட்ட முடியும்?" மூன்று பக்கத்தில் ஒரு வரிகூடத் தேறவில்லை. நிறைவேறியது என்று நானும் காட்ட முடியாது, நிறைவேறவில்லை என்று அவர்களும் காட்டத் தேவையில்லை. அறுபதாம் நாள் மேலாளர் மனத்தில் என்ன தோன்றுகிறதோ அதுதான் தீர்ப்பு.

அன்று மாலையே அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிய மின்னஞ்சல் ஏறக்குறைய இப்படி இருந்தது:

"வணக்கம். திட்டத்திலுள்ள எதிர்பார்ப்புகளை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று உறுதிசெய்துகொள்ள விரும்புகிறேன். 'பொறுப்புணர்வு' என்பதை நான் இவ்வாறு எடுத்துக்கொள்கிறேன்: என் பெயரில் உள்ள உயர் முன்னுரிமை டிக்கெட்டுகளுக்கு 30 நிமிடத்துக்குள் முதல் பதில், நான் மூடியவற்றில் மறுபடி திறக்கப்படுபவை நூற்றுக்கு 5க்கு மேல் போகாமல் இருத்தல். 'தகவல் தொடர்பு': தினமும் மாலை 6 மணிக்குள் நிலுவை நிலவரம் தங்களுக்கு அனுப்புதல். 'முன்முயற்சி': திரும்பத் திரும்ப வரும் இரண்டு புகார்களுக்கு நிரந்தரத் தீர்வு எழுதி 45ஆம் நாளுக்குள் ஒப்படைத்தல். இவற்றில் மாற்றம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் தெரிவிக்க வேண்டுகிறேன். இல்லையெனில் இவற்றையே அளவுகோலாகக் கொண்டு வேலை செய்கிறேன்."

மனிதவளத் துறைக்கும் நகல் போட்டேன். தொனியைக் கவனியுங்கள். குறை சொல்லவில்லை, வாதாடவில்லை, பழைய கதை எதையும் இழுக்கவில்லை. முதலில் நான் தயாரித்த வரைவில், முந்தைய ஆண்டு எனக்குக் கிடைத்த நல்ல மதிப்பீட்டைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அக்கா அதை முழுவதுமாக அடித்துவிட்டார். "அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்து, கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விட்டுவிடுவார்கள்" என்றார். அவர் சொன்னது சரி.

வெள்ளிக்கிழமை பதில் வந்தது. 5ஐ 3 ஆக்கியிருந்தார்கள், மற்றவை அப்படியே இருந்தன. 3 கடினம்தான். ஆனால் எட்டிவிட்டேனா இல்லையா என்பதை நானே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

உங்கள் மேலாளர் பதிலே போடவில்லை என்றால்? அடுத்த வாரக் கூட்டத்தில் அந்த மின்னஞ்சலைத் திறந்து வைத்து வாய்விட்டுப் படியுங்கள். கூட்டம் முடிந்ததும், "இன்று பேசியபடி" என்று தொடங்கி மறுபடி அனுப்புங்கள்.

4. வாரக் கூட்டங்கள்

கூட்டம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் ஐந்து வரிச் சுருக்கம் அனுப்பிவிட வேண்டும். கூட்டத்தை அவர்களே தள்ளிப்போட்டால் அதையும் எழுதுங்கள்: "இன்றைய கூட்டம் தங்கள் வேலை காரணமாக நடைபெறவில்லை. இவ்வார நிலவரத்தை இணைத்துள்ளேன்." எனக்கு எட்டில் மூன்று கூட்டங்கள் நடக்கவில்லை. அந்த மூன்று மின்னஞ்சல்களால்தான் அறுபதாம் நாளில் "தோல்வி" என்று எழுத முடியாமல் 30 நாள் நீட்டித்தார்கள் என்று நம்புகிறேன்.

5. வெளியே வேலை தேடுங்கள், முதல் வாரமே

தேறிவிடுவோம் என்ற நம்பிக்கை இருந்தாலும் தேடுங்கள். பல ஐ.டி. நிறுவனங்களில் முன்னறிவிப்புக் காலம், அதாவது விலகுவதாகச் சொன்ன பிறகும் வேலை பார்க்க வேண்டிய காலம், 90 நாள் என்பதால், தாமதமாகத் தொடங்கினால் கணக்கு உதைக்கும். நேர்காணலில் பி.ஐ.பி. பற்றி நீங்களாகச் சொல்லத் தேவையில்லை. கேட்டால் பொய் சொல்லவும் வேண்டாம்.

மருத்துவக் காப்பீட்டைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அலுவலகக் குழுக் காப்பீடு பொதுவாகக் கடைசி வேலை நாளோடு நின்றுவிடும். அப்பா, அம்மா அதில் இருந்தால் இப்போதே விசாரியுங்கள். அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற வழி உண்டு. வேலையில் இருக்கும்போதே விண்ணப்பித்துவிடுவது நல்லது.

*பின்சேர்க்கை 1:* நான்கு ஆண்டு பத்து மாதம் முடித்த வாசகர் ஒருவர், ராஜினாமா செய்தால் பணிக்கொடை (கிராஜுவிட்டி) கிடைக்குமா என்று கேட்டிருந்தார். சட்டம் சொல்வது ஐந்து ஆண்டுத் தொடர் பணி. ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால் அதையும் முழு ஆண்டாகக் கொள்ளலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. எல்லா நிறுவனங்களும் தாமாக முன்வந்து அதைப் பின்பற்றுவதில்லை. சேர்ந்த தேதியோடு ஒரு தொழிலாளர் வழக்கறிஞரைப் பார்த்துவிட்டுப் பிறகு முடிவெடுங்கள்.

*பின்சேர்க்கை 2:* 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்து, 29 மத்தியச் சட்டங்களின் இடத்தைப் பிடித்தன. பழைய கட்டுரைகளில் உள்ள தொழில் தகராறுகள் சட்டப் பிரிவுகளை அப்படியே மேற்கோள் காட்டாதீர்கள். மேலே நான் சொன்ன கடைகள் சட்டம் மாநிலச் சட்டம். அந்த 29இல் அது சேராது. நான்கு தொகுப்புகளில் ஒன்றான ஊதியத் தொகுப்பின்படி, வேலையிலிருந்து நீக்கினாலும் நீங்களே விலகினாலும் ஊதிய பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

6. கடைசி நாள்

"நன்றாகச் செய்துவிட்டீர்கள், கவலைப்படாதீர்கள்" என்று வாயால் சொல்வார்கள். அதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். திட்டம் முடிக்கப்பட்டது என்று எழுத்தில் வராதவரை கோப்பில் அது திறந்தே இருக்கும். நான் தொண்ணூறாம் நாள் கேட்டேன், தொண்ணூற்று மூன்றாம் நாள் நினைவூட்டினேன், தொண்ணூற்று ஏழாம் நாள் மனிதவளத் துறையிலிருந்து இரண்டு வரி வந்தது: திட்டத்தின் இலக்குகள் எட்டப்பட்டன, திட்டம் இன்றுடன் நிறைவு பெறுகிறது. தேதியோடு அதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு, கேன்டீனுக்குப் போய் அக்காவிடம் காட்டினேன்.