பைக்குக்கு ரீகால் வந்தால் நாம் செய்யும் தவறுகள்

2021 மே மாதம். கொரோனா இரண்டாம் அலையில் தமிழ்நாடே முழு ஊரடங்கில் இருந்த நேரம். ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 2,36,966 வண்டிகளைக் குறையைச் சரிசெய்யத் திரும்ப அழைப்பதாக, அதாவது ரீகால் செய்வதாக, அறிவித்தது. கிளாசிக் 350, புல்லட் 350, மீட்டியோர் 350 என்று மூன்று மாடல்கள். 2020 டிசம்பருக்கும் 2021 ஏப்ரலுக்கும் இடையில் தயாரானவை. ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலில் குறை இருக்கலாம், அதனால் எஞ்சின் திணறி மிஸ்ஃபயர் ஆகலாம், இழுவை குறையலாம், அரிதாக ஷார்ட் சர்க்யூட்டும் ஆகலாம் என்றார்கள். ஒருநாள் செய்தியாக வந்து போனது. வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த அந்த நாட்களில், புது வண்டி எடுத்தவர்களில் எத்தனை பேர் கண்ணில் அது பட்டிருக்கும் என்று இப்போதும் யோசிக்கிறேன்.

நிறுவனம் அறிவிப்பதோடு ரீகால் முடிந்துவிடாது. வண்டி ஷோரூமுக்குப் போக வேண்டும், பாகத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் மாற்ற வேண்டும், மாற்றியதை எழுதித் தர வேண்டும். இதில் எங்காவது ஓரிடத்தில் நூல் அறுந்தால், குறையுள்ள பாகத்தோடேயே வண்டி பல வருடம் ஓடும். நான் பார்த்தவரை நூல் அறுவது நம் பக்கத்தில்தான் அதிகம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கடிதம் வரட்டும் என்று உட்கார்ந்திருப்பது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். நிறுவனத்திடம் இருப்பது, வண்டி டெலிவரி எடுத்த அன்று நாம் கொடுத்த போன் நம்பரும் முகவரியும். அதற்குப்பின் சிம் மாறியிருக்கும், வீடு மாறியிருக்கும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி என்றால், தகவல் பழைய உரிமையாளருக்குப் போகும். அவர் "நாம்தான் வண்டியை விற்றுவிட்டோமே" என்று அதை அழித்துவிடுவார்.

இன்னொன்றும் உண்டு. நம் ஊரில் ஃப்ரீ சர்வீஸ் முடிந்த கையோடு வண்டி தெருமுனை மெக்கானிக்கிடம் போய்விடும். அதில் தப்பே இல்லை. நல்ல மெக்கானிக் கையில் இருக்கும் வண்டி நன்றாகவே ஓடும். ஆனால் அவரிடம் நிறுவனத்தின் கணினி கிடையாது. கம்பெனி சர்வீஸ் சென்டரில், ஒவ்வொரு வண்டிக்கும் தனியாக உள்ள சேசிஸ் நம்பரைப் போட்டால், அந்த வண்டிக்கு ரீகால் வேலை பாக்கி இருந்தால் திரையில் காட்டும். பத்திரிகைக்கே வராத சின்னத் திருத்தங்களைக்கூட, வண்டி சர்வீஸுக்கு வரும்போது செய்துவிடுவது உண்டு. அந்த வாசல் பக்கமே போகாத வண்டிக்கு இது எதுவும் கிடைக்காது. வெளியில் சர்வீஸ் செய்பவர்கள், வருடத்துக்கு ஒருமுறையாவது கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு போன் செய்து, "இந்த சேசிஸ் நம்பருக்கு ரீகால் எதுவும் பாக்கி இருக்கிறதா?" என்று கேட்டுவிடுங்கள். இரண்டு நிமிட வேலை. ரீகால் அறிவித்திருக்கும் சமயத்தில் பல நிறுவனங்கள் தங்கள் இணையதளத்திலேயே நம்பரைப் போட்டுப் பார்க்க வழி செய்து கொடுக்கின்றன.

சேசிஸ் நம்பர் ஆர்.சி.யில் இருக்கும். வண்டியில் பார்க்க வேண்டுமானால், ஹேண்டில்பாருக்குக் கீழே ஃபிரேமின் கழுத்தில் பொறித்திருப்பார்கள். மொத்தம் 17 இடம். அதில் ஆங்கில ஐ, ஓ, க்யூ எழுத்துகள் வரவே வராது. 1, 0 என்ற எண்களோடு குழம்பக்கூடாது என்பதற்காக அவற்றை விட்டுவிட்டார்கள். ஓ மாதிரித் தெரிந்தால் அது பூஜ்யம்தான். ஒரே ஓர் எழுத்தைத் தப்பாகப் போட்டுவிட்டு, "உங்கள் வண்டி பட்டியலில் இல்லை" என்ற பதிலை நம்பி நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

பழைய வண்டி வாங்கியவர்கள் 29, 30ஆம் எண் படிவங்களைக் கொடுத்து ஆர்.சி.யைத் தங்கள் பெயருக்கு மாற்றியதும் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸில் பெயர் மாறியது கம்பெனி கணக்கில் தானாக ஏறாது. கஸ்டமர் கேருக்கு ஒருமுறை பேசி, உங்கள் பெயரையும் நம்பரையும் சேர்த்துவிடுங்கள்.

"நல்லாத்தானே ஓடுது" என்று விட்டுவிடுவது

அதே 2021 டிசம்பரில் ராயல் என்ஃபீல்டு இன்னொரு ரீகாலை அறிவித்தது. பின்பக்கம் டிரம் பிரேக்கும், முன்சக்கரத்துக்கு மட்டுமான சிங்கிள் சேனல் ஏ.பி.எஸ்ஸும் உள்ள கிளாசிக் 350, 26,300 வண்டிகள். செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 5 வரை தயாரானவை. பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் இருக்கும் பிரேக் ரியாக்ஷன் பிராக்கெட்டில் கோளாறு.

இந்தப் பாகத்தின் பெயரையே பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். டிரம் பிரேக்கை மிதிக்கும்போது பிரேக் ஷூ டிரம்மைப் பிடிக்கிறது. சுற்றுகிற சக்கரம் அந்த ஷூ உட்கார்ந்திருக்கும் தட்டையும் தன்னோடு சேர்த்துச் சுற்றப் பார்க்கும். அதைச் சுற்றவிடாமல் ஸ்விங் ஆர்மோடு பிடித்து வைப்பதுதான் இந்த பிராக்கெட்டின் வேலை. மெதுவாக மிதிக்கும்போது அதன்மேல் பெரிய பாரம் இல்லை. குறுக்கே ஒரு மாடு வந்து, நீங்கள் முழு பலத்தோடு மிதிக்கும்போதுதான் மொத்த விசையும் அங்கே போய் இறங்கும். பலமாக பிரேக் பிடிக்கையில் அந்த பிராக்கெட் சேதமாகலாம், வினோதமான சத்தம் வரலாம், பிரேக் பிடிப்பு குறையலாம் என்பதுதான் அந்த எச்சரிக்கை. டீக்கடைக்கும் ஆபீஸுக்கும் போய் வருகிறவருக்கு இது எப்படித் தெரியும்? ஆயிரம் முறை பிடித்த பிரேக், உயிர் போகிற ஒரு தருணத்தில் கைவிடக்கூடிய குறை அது. நன்றாக ஓடுவது எதற்கும் அத்தாட்சி ஆகாது.

2024 பிப்ரவரியில் யமஹா, ரே இசட்ஆர் 125, ஃபசினோ 125 ஹைபிரிட் ஸ்கூட்டர்களில் சுமார் 3 லட்சத்தைத் திரும்ப அழைத்தது பிரேக் லீவருக்காக. அதற்குச் சற்று முன் ஹோண்டா சிபி350 வரிசைக்கு வந்த ரீகாலில் பின் ஸ்டாப் லைட் சுவிட்ச் ஒரு காரணம். நம் வண்டியின் பிரேக் லைட் எரிகிறதா இல்லையா என்பது ஓட்டுகிற நமக்குத் தெரியவே தெரியாது. பின்னால் வருகிறவருக்குத்தான் தெரியும், அதுவும் எரிந்தால்தான்.

ரீகால் பிரேக், ஸ்டீயரிங், பெட்ரோல் கசிவு, பேட்டரி என்று எதையாவது தொட்டிருந்தால், முதல் கேள்வியாக "சரிசெய்யும்வரை ஓட்டலாமா?" என்று கேளுங்கள். ஓட்டக்கூடாது என்றால் வண்டியை எடுத்துப்போக ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். நீங்களே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

வாரண்டி முடிந்துவிட்டது என்று ஒதுங்கிக்கொள்வது

வாரண்டி வேறு, ரீகால் வேறு. வாரண்டி என்பது வாங்கும்போது கொடுத்த வாக்கு. அதற்குக் கெடு உண்டு, கிலோமீட்டர் கணக்கு உண்டு, சர்வீஸ் விட்டுப்போனால் மறுக்கவும் செய்வார்கள். ரீகால் என்பது தயாரிப்பிலேயே நேர்ந்த பிழையைத் திருத்துவது. மேலே சொன்ன ஹோண்டா ரீகாலில், வாரண்டி இருக்கிறதோ இல்லையோ பாகம் இலவசம் என்று நிறுவனமே சொன்னது. நீங்கள் இரண்டாவது உரிமையாளரா, ஃப்ரீ சர்வீஸை விட்டுவிட்டீர்களா என்பதெல்லாம் இங்கே பொருட்டே இல்லை.

சட்டமும் இருக்கிறது. 2012 ஜூலை முதல் வாகன உற்பத்தியாளர்கள் சங்கமான சியாமின் விதிமுறைப்படி நிறுவனங்கள் தாமாக முன்வந்து ரீகால் செய்து வந்தன. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 110ஏ பிரிவைச் சேர்த்தார்கள். அதன்படி, ஆபத்தான குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி மத்திய அரசே உத்தரவிடலாம். விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. ஏழு வயதுக்கு உட்பட்ட வண்டிகளுக்குப் பொருந்தும். அரசு உத்தரவிட்டுத் திரும்ப அழைக்கும் நிலை வந்தால் அபராதம் 10 லட்சத்திலிருந்து 1 கோடி ரூபாய் வரை போகும். தானே குறையைக் கண்டு, அரசுக்குச் சொல்லி, திரும்ப அழைக்கும் நிறுவனத்துக்கு அந்த அபராதம் கிடையாது. ஆகவே ரீகால் அறிவித்த கம்பெனி மட்டமான கம்பெனி என்று முடிவு கட்ட வேண்டாம். மூடி மறைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஜாப் கார்டு இல்லாமல் சாவியைக் கொடுப்பது

ஷோரூமில் நடக்கும் தவறுகள் தனிரகம். என் நண்பர் ஒருவர் ரீகால் வேலைக்கு வண்டியை விட்டார். மாலையில் போனால் வண்டியைக் கழுவித் துடைத்து நிறுத்தியிருந்தார்கள். "எல்லாம் பார்த்தாச்சு சார்" என்றார் அட்வைசர். பில்லில் ஆயில் மாற்றியது இருந்தது, பாலிஷ் போட்டது இருந்தது, ரீகால் பற்றி ஒரு வரி இல்லை. சில மாதம் கழித்து வேறு ஊரில் நம்பரைப் போட்டுப் பார்த்தபோது ரீகால் பாக்கி என்றே காட்டியது. அன்று உண்மையில் அந்தப் பாகத்தைப் பார்த்தார்களா இல்லையா என்பதைக் கண்டுபிடிக்க வழியே இல்லாமல் போனது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

அதனால் வண்டியை விடும்போதே, செய்ய வேண்டிய வேலைகளை அவர்கள் எழுதும் ஜாப் கார்டில் ரீகால் வேலையைத் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். "ஜெனரல் செக்கப்" என்று எழுதினால் ஒப்புக்கொள்ள வேண்டாம். கிலோமீட்டர் ரீடிங்கும் தேதியும் அதில் இருக்க வேண்டும். அந்தக் கார்டை போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை எடுக்கும்போது, பாகத்தை மாற்றியிருந்தால் பழைய பாகத்தைக் காட்டச் சொல்லுங்கள். கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டியிருப்பதால் கையில் தராமல் போகலாம், காட்டுவதில் அவர்களுக்கு எந்தச் சிரமமும் இல்லை. கடைசியாக, பணம் பூஜ்யம் என்றாலும் பில் வாங்குங்கள். "ஃப்ரீ வேலைக்கு எதுக்கு சார் பில்?" என்பார்கள். பின்னால் ஒரு பிரச்சினை என்று வந்தால் அந்தத் தாள்தான் பேசும்.

பார்த்துவிட்டு, பாகத்தை மாற்றாமல் அனுப்பினால் ஏமாற்றிவிட்டதாகச் சண்டை போடுகிறவர்களும் உண்டு. கொஞ்சம் பொறுங்கள். முதலில் சொன்ன இக்னிஷன் காயில் ரீகாலில், அழைத்த வண்டிகளில் 10 சதவீதத்துக்கும் குறைவானவற்றுக்கே பாகம் மாற்ற வேண்டியிருக்கும் என்றுதான் நிறுவனம் சொன்னது. சந்தேகத்துக்குரிய காலத்தில் தயாரான எல்லாவற்றையும் கூப்பிடுவார்கள், குறையுள்ளதை மட்டும் மாற்றுவார்கள். "பரிசோதித்தோம், மாற்றத் தேவையில்லை" என்று எழுத்தில் கொடுத்தால் போதும்.

ரீகாலுக்குப் போன இடத்தில் செயின் கிளீனிங், எஞ்சின் ஃபிளஷ், கோட்டிங் என்று தலையில் கட்டப் பார்த்தால், "இன்னைக்கு ரீகால் மட்டும்" என்று சொல்லிவிடுங்கள். சர்வீஸும் சேர்த்துச் செய்தால்தான் ரீகால் வேலை என்று யாராவது சொன்னால், அங்கேயே நின்றபடி கஸ்டமர் கேருக்கு போன் போடுங்கள். ஸ்பேர் வரவில்லை என்று இழுத்தடித்தால், எந்தத் தேதிக்கு வரும் என்று வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ எழுதி வாங்குங்கள். வண்டி வாங்கிய ஷோரூமுக்கேதான் போக வேண்டும் என்பதில்லை. அந்தக் கம்பெனியின் எந்த அங்கீகரிக்கப்பட்ட சென்டரிலும் செய்துகொள்ளலாம்.

எக்ஸ்ட்ரா லைட், ஹாரன் என்று வயரை வெட்டி ஒட்டியிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மின்சாரப் பாக ரீகாலில் வாக்குவாதம் அங்கேதான் தொடங்கும். ஒரிஜினல் பாகத்தை எடுத்துவிட்டு வேறு எதையோ மாட்டியிருந்தால், அந்த ஒரிஜினலையும் கையோடு கொண்டுபோங்கள்.

எலெக்ட்ரிக் ஸ்கூட்டரை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு தள்ளிப்போடுவது

2022 மார்ச்சில் வேலூரில் சார்ஜில் இருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்து அப்பாவும் மகளும் இறந்தார்கள். அடுத்த மாதமே ஒகினாவா 3,215 வண்டிகளையும் ஓலா 1,441 வண்டிகளையும் பேட்டரிப் பரிசோதனைக்காகத் திரும்ப அழைத்தன. பெட்ரோல் வண்டியின் குறை பெரும்பாலும் ஓட்டும்போதுதான் ஆபத்து. பேட்டரியின் குறை, நாம் தூங்கும்போதும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பேட்டரி ரீகால் என்று தெரிந்த நாளிலிருந்து, பரிசோதித்து முடியும்வரை சார்ஜ் போடுவது பற்றி நிறுவனம் என்ன சொல்கிறதோ அதை எழுத்து மாறாமல் பின்பற்றுங்கள். ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கவே வேண்டாம்.

ரீகால் வராததால் சும்மா இருப்பது

உங்கள் வண்டியில் ஆபத்தான குறை இருக்கிறது, ஆனால் ரீகால் எதுவும் அறிவிக்கவில்லை. அப்புறம் என்ன செய்வது? முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் வரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், அதை மட்டும் மறக்காதீர்கள். அரசு ரீகாலுக்கு உத்தரவிட இத்தனை சதவீத உரிமையாளர்கள் புகார் செய்திருக்க வேண்டும் என்று விதியிலேயே கணக்கு இருக்கிறது. ஒவ்வொருவரும் "நம்ம ஒருத்தர் சொல்லி என்ன ஆகப்போகுது" என்று இருந்தால் அந்தக் கணக்கு நிறையவே நிறையாது.

வண்டியை விற்கும்போது ஆர்.சி., இன்சூரன்ஸோடு ரீகால் பில்லையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். வேலை இன்னும் பாக்கி என்றால் அதையும் வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் போனுக்கு வரும் தகவல் இனி அவருக்குப் போய்ச் சேர வேண்டியது.