நடை பயிலும் குழந்தைக்கு எந்த ஃப்ளூ தடுப்பூசி?

ஃப்ளூ தடுப்பூசி போட்டுவிடுவது என்று வீட்டில் முடிவெடுத்த பெற்றோர் பலர், மருத்துவமனைக்குப் போன பிறகுதான் குழம்பத் தொடங்குகிறார்கள். மூன்று கிருமிக்கானது, நான்கு கிருமிக்கானது, ஊசி, மூக்கில் விடும் மருந்து என்று வரிசையாகக் கேட்டவுடன், விலை கூடியதுதான் நல்லதாக இருக்கும் என்று எண்ணித் தலையாட்டிவிடுகிறோம். ஒன்று முதல் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைத் தமிழ்நாட்டுப் பெற்றோரை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் குழந்தையின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில் போட்ட ஐந்து நோய்த் தடுப்பூசியில் ‘ஹிப்’ என்ற பாக்டீரியாவுக்கு எதிரான ஒன்று உண்டு. அதன் முழுப்பெயரில், ஃப்ளூவின் விரிவான பெயரான ‘இன்ஃப்ளூயன்சா’ என்ற சொல் வருவதால், ஃப்ளூ ஊசி ஏற்கெனவே போட்டாகிவிட்டது என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டுக்கும் தொடர்பே இல்லை. 1892-இல் ஃபைஃபர் என்ற ஜெர்மானிய அறிவியலாளர் அந்த பாக்டீரியாவைக் கண்டறிந்தபோது அதுதான் ஃப்ளூவுக்குக் காரணம் என்று கருதியதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மனிதர்களைத் தாக்கும் உண்மையான ஃப்ளூ வைரஸ் 1933-இல்தான் பிரித்தெடுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 2011 டிசம்பர் முதல் அரசு இலவசமாகப் போடும் அந்த ஐந்து நோய்த் தடுப்பூசி மிக அவசியமானது, ஆனால் அது ஃப்ளூவைத் தடுக்காது. ஃப்ளூ தடுப்பூசி அரசின் வழக்கமான இலவசப் பட்டியலில் இல்லை. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை ஆண்டுதோறும் போட வேண்டும் என்று இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் பரிந்துரைத்தாலும், பெற்றோர்தான் கேட்டு, பணம் கொடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஊசியா, மூக்கு மருந்தா என்ற கேள்விக்கு வயதே பாதி விடையைச் சொல்லிவிடும். ஊசியில் இருப்பது செயலிழக்கச் செய்யப்பட்ட வைரஸின் கூறுகள். ஆறு மாதம் நிறைந்த எந்தக் குழந்தைக்கும் அதைப் போடலாம். மூக்கில் பீய்ச்சுவது வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ். இரண்டு வயது நிறையாத குழந்தைக்கு அதைக் கொடுக்கக் கூடாது. ஆகவே ஒன்றரை வயதுக் குழந்தைக்குத் தேர்வு செய்ய எதுவுமில்லை, ஊசிதான்.

இரண்டு வயது நிறைந்த பிறகு ஊசிக்கு அஞ்சி அலறும் குழந்தைக்கு மூக்கு மருந்து ஆறுதலாகத் தோன்றும். அதற்கு ஒப்புக்கொள்வதற்கு முன், கடந்த பன்னிரண்டு மாதங்களில் ஒருமுறையாவது வீசிங் வந்ததா, நெபுலைசர் வைக்க நேர்ந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். வந்திருந்தால் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்கு அந்த மருந்து வேண்டாம். “சளி கட்டியது, ரெண்டு நாள் புகை வைத்தோம்” என்று பெற்றோர் சாதாரணமாகச் சொல்லி நகர்ந்துவிடும் நிகழ்ச்சியும் இதில் அடங்கும் என்பதால், மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். நோய் எதிர்ப்பாற்றல் குறைந்த குழந்தைக்கும், ஆஸ்பிரின் உட்கொண்டுவரும் குழந்தைக்கும் அது ஆகாது. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை பெற்றவரைப் போல எதிர்ப்பாற்றல் மிகவும் குன்றிய ஒருவர் அதே வீட்டில் இருந்தாலும் ஊசியே பாதுகாப்பானது. அன்றைக்கு மூக்கு நன்றாக அடைத்திருந்தால் மருந்து உள்ளே சரியாகப் போய்ச் சேராது. ஆஸ்துமா இருந்தால் ஃப்ளூ தடுப்பூசியே கூடாது என்று சிலர் நினைப்பது தவறு. இளைப்பு வரும் குழந்தைக்கு ஃப்ளூ வந்தால் மூச்சுத்திணறல் கடுமையாகும் என்பதால், அவர்களுக்குத்தான் ஊசி மற்றவர்களைவிட முக்கியம்.

பிரிட்டனில் இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகளுக்கு மூக்கு மருந்தையே முதலில் தருகிறார்கள். அங்கு தரப்படும் மருந்தில் பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டின் இருப்பதால், அதை விரும்பாத பெற்றோர் ஊசியைக் கேட்டுப் பெறலாம்.

அடுத்தது மூன்றா, நான்கா என்பது. முன்பு நான்கு கிருமித் தடுப்பூசியில் ஏ வகை இரண்டு, பி வகை இரண்டு என்று இருந்தன. பி வகையில் யமகாட்டா என்ற கிளை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதியாகக் கண்டறியப்படவில்லை. அதனால் 2023 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் அந்தக் கிளை இனித் தேவையில்லை என்று அறிவித்தது. அமெரிக்கா 2024-ஆம் ஆண்டுப் பருவத்திலிருந்து முழுவதும் மூன்று கிருமித் தடுப்பூசிக்கு மாறிவிட்டது. எனவே மூன்று கிருமித் தடுப்பூசிதான் இருக்கிறது என்று சொன்னால் குறைவானதைத் தருகிறார்களோ என்று கவலைப்பட வேண்டாம். நான்கு கிருமித் தடுப்பூசி கிடைத்தாலும் அதனால் தீங்கில்லை.

எண்ணிக்கையைவிட நான் பெரிதாக மதிப்பது பெட்டியின் மேல் அச்சிட்ட ஆண்டை. பெட்டியை வாங்கிப் பார்த்தால் ‘எஸ்.எச்.’ அல்லது ‘என்.எச்.’ என்ற எழுத்துகளோடு ஓர் ஆண்டு இருக்கும். முதலாவது தென் அரைக்கோளத்துக்கான கலவை, இரண்டாவது வட அரைக்கோளத்துக்கானது. கீழே ‘ஏ/தாய்லாந்து/8/2022’ என்பது போன்ற வரிகளைக் காணலாம்: கிருமியின் வகை, அது எடுக்கப்பட்ட இடம், வரிசை எண், ஆண்டு. உலக சுகாதார நிறுவனம் தென் கலவையைச் செப்டம்பரிலும் வட கலவையைப் பிப்ரவரியிலும் அறிவிப்பதால், நம் ஊரில் ஓராண்டில் இரண்டு கலவைகள் அடுத்தடுத்து வரும். போடும் நாளில் கிடைப்பவற்றில் எது புதியதோ அதைக் கேளுங்கள். காலாவதித் தேதியையும் அப்போதே பார்த்துவிடுங்கள். இந்தியாவின் பல ஊர்களில் ஃப்ளூ ஜூலை முதல் செப்டம்பர் வரை உச்சத்தில் இருக்கும். சென்னையிலும் வேலூரிலும் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி அக்டோபர், நவம்பரில் ஏறியதை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. அதனால் ஆகஸ்ட் இறுதிக்குள் முதல் தவணையைப் போட்டுவிடுவது நல்லது.

முதல் தவணை என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒன்பது வயதுக்குட்பட்ட குழந்தை முதன்முறையாகப் போடும் ஆண்டில், குறைந்தது நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணைகள் வேண்டும். அந்த வைரஸை அறியாத உடலுக்கு முதல் தவணை அறிமுகம், இரண்டாவதுக்குப் பிறகுதான் பாதுகாப்பு ஒழுங்காக உருவாகும், அதற்கும் இரண்டு வாரம் பிடிக்கும். என் மகளுக்கு ஒன்றரை வயதில் போட்டபோது இதை யாரும் சொல்லவில்லை, அட்டையில் அடுத்த தேதியும் எழுதவில்லை. ஒரே தவணையோடு அந்த மழைக்காலத்தைக் கடந்தோம், அக்டோபரில் அவள் ஐந்து நாள் காய்ச்சலில் துவண்டு கிடந்தாள். அது ஃப்ளூதானா என்று பரிசோதிக்கவில்லை என்றாலும், அந்த இரண்டாவது தேதியை நானே கேட்டு எழுதி வாங்கியிருக்க வேண்டும் என்ற வருத்தம் இன்றும் இருக்கிறது. இப்படித் தவறவிட்டால் அடுத்த ஆண்டு மறுபடி இரண்டு தவணைகள் தேவைப்படும். இரண்டாவது தவணைக்கு அதே நிறுவனத்தின் மருந்துதான் வேண்டும் என்பதில்லை. வயதுக்கு ஏற்றதாக இருந்தால் போதும்.

அளவையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். முன்பு மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு 0.25 மில்லி என்ற பாதி அளவே வழக்கமாக இருந்தது. இப்போது பல தயாரிப்புகளில் ஆறு மாதத்திலிருந்தே 0.5 மில்லி முழு அளவு. பழைய பழக்கத்தில் பாதி ஊசி போடப்படாமல் இருக்க, அந்தத் தயாரிப்பின் துண்டுத்தாளில் உள்ளபடி போடச் சொல்வது பெற்றோரின் உரிமை.

முட்டை ஒவ்வாமை இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த ஒரு காரணத்துக்காக ஃப்ளூ தடுப்பூசியைத் தவிர்க்க வேண்டியதில்லை என்பதே இன்றைய நிலைப்பாடு. முந்தைய ஃப்ளூ தடுப்பூசிக்கே கடுமையான ஒவ்வாமை ஏற்பட்டிருந்தால் மட்டும் நிலைமை வேறு. ஊசி போட்ட தொடையில் வலி, ஓரிரு நாள் இளங்காய்ச்சல், சிணுங்கல் ஆகியவை வரலாம். ஆனால் செயலிழந்த வைரஸால் ஃப்ளூ வராது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நிமோகாக்கல் (நிமோனியா போன்றவற்றைத் தடுக்கும்) தடுப்பூசியையும் அதே நாளில் போட்டால் காய்ச்சல் வலிப்பு வரும் வாய்ப்பு சிறிதளவு கூடுகிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு அது பொருட்படுத்தத்தக்கதல்ல. ஏற்கெனவே காய்ச்சல் வலிப்பு வந்த குழந்தை என்றால் வேறு வேறு நாளில் போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

வீட்டில் ஆறு மாதம் நிறையாத தம்பியோ தங்கையோ இருந்தால், அந்தக் குழந்தைக்குப் போட எந்த ஃப்ளூ தடுப்பூசியும் இல்லை. மூத்த குழந்தையை அழைத்துச் செல்லும் அதே நாளில் அப்பாவும் அம்மாவும் தாத்தா பாட்டியும் போட்டுக்கொள்வதுதான் அந்தப் பச்சிளங்குழந்தைக்குக் கிடைக்கும் காப்பு.