பிரிட்டனில் போர்டிங் பள்ளி தேடுவது எப்படி? புதிதாகத் தேடும் பெற்றோருக்குப் படிப்படியான விளக்கம்

பிரிட்டிஷ் போர்டிங் பள்ளி என்றதும் நம் வீடுகளில் பேச்சில் வரும் பெயர்கள் நான்கைந்துதான். ஈட்டன், ஹாரோ, வின்செஸ்டர். பெண் பிள்ளை என்றால் செல்ட்னம் லேடீஸ் காலேஜ், விக்கம் ஆபி. நேரு 1905இல் ஹாரோவில் சேர்ந்ததால் அந்தப் பெயர் நமக்குத் தலைமுறைகளாகப் பழக்கம். ஆனால் வெளிநாட்டுப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் போர்டிங் பள்ளிகள் அங்கே நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ரேங்க் பட்டியலின் உச்சியிலிருந்து தேடிக்கொண்டு வந்தால், உங்கள் பிள்ளைக்குப் பொருந்தும் பள்ளி கண்ணில் படாமலே போய்விடும்.

பள்ளியின் பெயரைவிட ஹவுஸைப் பாருங்கள் என்பதுதான் நான் எல்லாரிடமும் சொல்வது. அங்கே ஒரு பள்ளி பல ஹவுஸ்களாகப் பிரிந்திருக்கும். பல பள்ளிகளில் ஒரு ஹவுஸில் ஐம்பது, அறுபது பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களைக் கவனிக்க ஒரு ஹவுஸ்மாஸ்டர் அல்லது ஹவுஸ்மிஸ்ட்ரஸ், உடல்நலத்தையும் அன்றாடத் தேவைகளையும் பார்த்துக்கொள்ள ஒரு மேட்ரன். பிள்ளை தூங்குவது, எழுவது, மாலையில் படிப்பது, காய்ச்சல் வந்தால் போய்ச் சொல்வது எல்லாம் அங்கேதான். இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ள படிகளைப் பாருங்கள்.

படி 1: எந்த ஆண்டில் சேர்ப்பது என்று முடிவு செய்யுங்கள்

பிரிட்டிஷ் கல்வியாண்டு செப்டம்பரில் தொடங்குகிறது. இங்கிலாந்தில் வயதைக் கணக்கிடுவதும் செப்டம்பர் 1ஐ வைத்துத்தான். போர்டிங் பள்ளிகளில் சேர முக்கியமான வாசல்கள் மூன்று: 11 வயது (7ஆம் ஆண்டு), 13 வயது (9ஆம் ஆண்டு), 16 வயது (12ஆம் ஆண்டு). அவர்களின் ஆண்டு எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் ஏறக்குறைய நம் வகுப்பு வந்துவிடும். உதாரணமாக, 2026 செப்டம்பரில் 9ஆம் ஆண்டில் சேரும் பிள்ளை 2012 செப்டம்பர் 1க்கும் 2013 ஆகஸ்ட் 31க்கும் இடையே பிறந்திருக்க வேண்டும்.

10, 11ஆம் ஆண்டுகள் சேர்ந்து ஜி.சி.எஸ்.இ. என்ற இரண்டாண்டுப் படிப்பு. அதன் நடுவில், அதாவது 11ஆம் ஆண்டில், பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்க்காதீர்கள். பாதிப் பாடம் முடிந்திருக்கும், நண்பர் வட்டங்களும் அமைந்திருக்கும். சில பள்ளிகள் இதற்கென்றே ஓராண்டு ஜி.சி.எஸ்.இ. வகுப்பு நடத்துகின்றன, அது வேறு விஷயம். நம் ஊரில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை முடித்துவிட்டு 12ஆம் ஆண்டில் சேர்வது மிகச் சிக்கலில்லாத வழி என்பது என் அபிப்பிராயம். பிள்ளைக்குக் கொஞ்சம் விவரம் வந்திருக்கும், உங்களுக்கும் இரண்டாண்டுச் செலவோடு முடிந்துவிடும்.

13 வயதில் பெரிய பள்ளி என்று நினைப்பவர்கள் காலெண்டரை இப்போதே பார்க்க வேண்டும். ஈட்டனில் 13 வயதில் சேர, பையன் 5ஆம் ஆண்டில் (நம் நான்காம் வகுப்பு) இருக்கும்போதே ஜூன் 30க்குள் பதிவு செய்திருக்க வேண்டும். பல பள்ளிகள் இவ்வளவு முன்கூட்டிக் கேட்பதில்லை. ஆனாலும் ஒன்றரை ஆண்டாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: பாடத்திட்டம்

இதில் அதிகம் குழம்ப வேண்டாம். 12, 13ஆம் ஆண்டுகளில் பெரும்பாலான பள்ளிகள் ஏ லெவல் நடத்துகின்றன: மூன்று அல்லது நான்கு பாடங்கள், ஆழமாக. கென்ட்டில் உள்ள செவன்ஓக்ஸ் போன்ற சில பள்ளிகள் ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலோரியட்) டிப்ளமா நடத்துகின்றன: ஆறு பாடங்கள், பரந்த படிப்பு. என்ன படிக்க வேண்டும் என்பதில் பிள்ளை தெளிவாக இருந்தால் ஏ லெவல். எல்லாவற்றிலும் ஆர்வம் இருந்தால் ஐ.பி. ஸ்காட்லாந்தில் ஹையர்ஸ் என்று தனித் தேர்வு முறை உண்டு. ஆனால் எடின்பரோவில் உள்ள ஃபெட்டஸ் போன்ற பள்ளிகளில் ஏ லெவலும் ஐ.பி.யும் இருக்கின்றன.

படி 3: முழுச் செலவையும் போட்டுப் பாருங்கள்

புகழ்பெற்ற பள்ளிகள் பலவற்றில் போர்டிங் கட்டணம் இப்போது ஆண்டுக்கு 50,000 பவுண்டைத் தாண்டுகிறது. ஈட்டன், ஹாரோவில் 60,000க்கும் மேல். தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 2025 ஜனவரி 1 முதல் 20 சதவீத வாட் வரி வந்துவிட்டது. அதனால் யார் எந்தத் தொகை சொன்னாலும் "வாட் சேர்த்தா, சேர்க்காமலா?" என்பதை முதலில் கேளுங்கள்.

கட்டணத்துக்கு வெளியே நிற்பவை: தேர்வுக் கட்டணம், இசை வகுப்பு, கூடுதல் ஆங்கில வகுப்பு, சீருடை, சுற்றுலாக்கள், கார்டியன் கட்டணம் (படி 6இல் விளக்கம்), ஆண்டுக்குப் பல முறை விமானம். மாணவர் விசாவோடு கட்ட வேண்டிய சுகாதாரக் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 776 பவுண்ட். இந்தியாவிலிருந்து பணம் அனுப்பும்போது ஒரு வரம்புக்கு மேல் வங்கி டி.சி.எஸ். என்ற வரியை முன்கூட்டியே பிடிக்கும். அதை வருமான வரிக் கணக்கில் சரிக்கட்டலாம் என்றாலும், அந்தப் பணம் சில மாதம் கையில் இருக்காது.

ஸ்காலர்ஷிப் என்ற சொல்லை நம்பி பட்ஜெட் போடாதீர்கள். பல பள்ளிகளில் அது கட்டணத்தில் ஒரு சிறு தள்ளுபடியோ, வெறும் கௌரவமோதான். குடும்ப வருமானம் பார்த்துத் தரும் பர்சரி உதவி பெரும்பாலும் அந்நாட்டில் வசிப்பவர்களுக்கே போகிறது. உண்மையான உதவி வேண்டுவோர் வேல்ஸில் உள்ள யு.டபிள்யூ.சி. (யுனைடெட் வேர்ல்ட் காலேஜஸ்) அட்லாண்டிக் காலேஜை அவசியம் பாருங்கள். ஐ.பி. மட்டும் நடத்தும் பள்ளி அது. யு.டபிள்யூ.சி. அமைப்பின் இந்தியத் தேசியக் குழு வழியாக விண்ணப்பிக்கலாம், தேவையைப் பொறுத்து உதவித்தொகையும் உண்டு.

பிள்ளையிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தால் கணக்கே மாறிவிடும். நார்ஃபோக்கில் உள்ள விமண்டம் காலேஜ், சர்ரேயில் உள்ள கார்டன்ஸ் ஸ்கூல் போன்ற அரசு போர்டிங் பள்ளிகளில் படிப்பு இலவசம். தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் மட்டும் கட்டினால் போதும். மாணவர் விசாவில் போகும் பிள்ளைக்கு இந்த வழி கிடையாது.

படி 4: சனிக்கிழமை மாலை ஹவுஸில் யார் இருப்பார்கள் என்று கேளுங்கள்

எல்லாப் படிகளிலும் இதுதான் முக்கியம். போர்டிங்கில் மூன்று வகை உண்டு. முழு போர்டிங், வாரநாள் மட்டும் தங்கும் வீக்லி போர்டிங், வேண்டிய இரவுகளில் மட்டும் தங்கும் ஃப்ளெக்ஸி போர்டிங். பள்ளியின் வலைத்தளத்தில் மூன்றையும் சேர்த்து "300 போர்டர்கள்" என்று போட்டிருக்கலாம். அதில் பெரும்பாலோர் உள்ளூர்ப் பிள்ளைகளாக இருந்து, சனிக்கிழமை மதியம் அப்பா அம்மா காரில் ஏறிப் போய்விட்டால் என்ன ஆகும்? ஹாங்காங், நைஜீரியா, சென்னை என்று ஊருக்குப் போக முடியாத ஏழெட்டுப் பிள்ளைகள் மட்டும் பெரிய கட்டடத்தில் மிஞ்சுவார்கள். நவம்பரில் நான்கரை மணிக்கே இருட்டிவிடும். வீட்டு நினைவு வருவது அப்போதுதான்.

எனவே சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதும் முதல் மின்னஞ்சலிலேயே இவற்றைக் கேளுங்கள்:

– சாதாரண வார இறுதியில் என் பிள்ளையின் ஹவுஸில் எத்தனை பேர் தங்குகிறார்கள்? அதில் அவன் வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர்?
– போன மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னென்ன நடந்தது?
– ஒரே நாட்டிலிருந்து வந்தவர்கள் ஒரு ஹவுஸில் அதிகபட்சம் எத்தனை பேர்?
– போன் எந்த நேரத்தில் கையில் இருக்கும்? இந்திய நேரத்துக்கு அது ஒத்துவருமா?

"எங்களிடம் துடிப்பான வார இறுதித் திட்டம் உண்டு" என்று பொதுவாகப் பதில் வந்தால் மறுபடி எண்ணைக் கேளுங்கள். நல்ல பள்ளி எண்ணைச் சொல்லும். ஈட்டன், ஹாரோவில் எல்லாரும் போர்டர்கள் என்பதால் இந்தச் சிக்கல் இல்லை. அந்தப் பெயர்களுக்கு உள்ள மதிப்பில் இதற்கும் பங்கு உண்டு. ஷ்ராப்ஷயரில் உள்ள கான்கார்ட் காலேஜ் போல வெளிநாட்டுப் பிள்ளைகள் அதிகம் இருக்கும் இடத்தில் தனிமை குறையும். ஆனால் ஆங்கிலேயப் பிள்ளைகளோடு கலந்து வளர வேண்டும் என்பது உங்கள் ஆசையானால், அது எவ்வளவு நடக்கும் என்பதையும் யோசியுங்கள்.

பிள்ளையின் சுபாவத்தையும் இங்கேயே எடைபோடுங்கள். குர்ட் ஹான் என்ற ஜெர்மானியக் கல்வியாளர் 1934இல் ஸ்காட்லாந்தில் தொடங்கிய கார்டன்ஸ்டவுன் பள்ளியில் மலையேற்றமும் பாய்மரப் படகும் பாடத்துக்குச் சமம். வெளியே ஓடியாடும் பிள்ளை அங்கே மலர்ந்துவிடும். புத்தகமும் மூலையும் போதும் என்று இருக்கும் பிள்ளைக்கு அதே இடம் சிரமமாகலாம்.

படி 5: பள்ளி சொல்வதை வெளியிலிருந்து சரிபாருங்கள்

இங்கிலாந்தின் தனியார் பள்ளிகளில் பலவற்றை ஐ.எஸ்.ஐ. என்ற ஆய்வு அமைப்பு ஆய்வு செய்கிறது. அறிக்கைகள் அதன் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. போர்டிங், பிள்ளைகள் பாதுகாப்பு பற்றிய பகுதிகளை முழுதாகப் படியுங்கள். 2023 செப்டம்பருக்குப் பிறகு வரும் அறிக்கைகளில் "எக்ஸலன்ட்" போன்ற ஒற்றைச் சொல் மதிப்பீடு கிடையாது; விதிமுறைகள் நிறைவேறியிருக்கின்றனவா என்றுதான் சொல்வார்கள். ஆகவே ஒரு பள்ளி அந்தச் சொல்லைப் பெரிதாகப் போட்டிருந்தால், அது பழைய அறிக்கையிலிருந்து எடுத்தது.

இன்னொன்றை யாரும் சொல்லித்தருவதில்லை. அங்குள்ள தனியார் பள்ளிகளில் பல அறக்கட்டளையாகப் பதிவு பெற்றவை. அவற்றின் ஆண்டுக் கணக்குகளை இங்கிலாந்து, வேல்ஸ் சேரிட்டி கமிஷன் தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வாட் வந்த பிறகு சில சிறிய பள்ளிகள் மூடப்பட்டன, சில வேறு பள்ளிகளோடு இணைந்தன. மாணவர் எண்ணிக்கை மூன்று ஆண்டுகளாகச் சரிந்துகொண்டே வந்தால், ஐந்தாண்டுப் படிப்புக்கு அந்தப் பள்ளியை நம்பிப் பிள்ளையை அனுப்ப நான் தயங்குவேன்.

ஏஜென்ட் மூலம் போகிறவர்கள் "உங்களுக்குப் பணம் யார் தருகிறார்கள்?" என்று நேரடியாகக் கேளுங்கள். பெற்றோரிடம் ஒரு பைசா வாங்காத பல ஏஜென்ட்டுகளுக்குப் பள்ளிகள் கமிஷன் தருகின்றன. அதில் தவறில்லை. ஆனால் கமிஷன் தராத பள்ளியின் பெயர் உங்கள் பட்டியலுக்கு வராமலே போகலாம்.

படி 6: கார்டியன்

பெற்றோர் வெளிநாட்டில் இருந்தால், பிரிட்டனில் ஒரு கார்டியன் வேண்டும் என்று போர்டிங் பள்ளிகள் பொதுவாக நிபந்தனை வைக்கின்றன. டெர்ம் நடுவில் வரும் ஹாஃப் டெர்ம் விடுமுறையிலும், எக்ஸியாட் எனப்படும் வார இறுதிகளிலும் பல ஹவுஸ்களைப் பூட்டிவிடுவார்கள். அப்போது பிள்ளை கார்டியன் ஏற்பாடு செய்யும் வீட்டில்தான் தங்க வேண்டும். ஈஸ்ட் ஹாமிலோ வெம்ப்ளியிலோ சித்தப்பா, அத்தை இருந்தால் பெரிய உதவி. பள்ளி ஏற்றுக்கொள்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். தெரிந்தவர் வீடு என்றால் ஒரு சட்டம் உண்டு. நெருங்கிய உறவல்லாதவரிடம் 16 வயதுக்குட்பட்ட பிள்ளை 28 நாள் அல்லது அதற்கு மேல் தங்கினால் உள்ளூர் கவுன்சிலுக்குத் தெரிவித்தாக வேண்டும். யாரும் இல்லை என்றால் கார்டியன் நிறுவனங்களை ஆய்வு செய்யும் ஏஜிஸ் அமைப்பின் அங்கீகாரம் பெற்ற கார்டியன் நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள்.

படி 7: தேர்வும் நேரடிப் பார்வையும்

பல பள்ளிகள் வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் யுகேஐசெட் தேர்வைக் கேட்கின்றன. ஒரு முறை எழுதினால் மதிப்பெண்ணைப் பல பள்ளிகளுக்கு அனுப்பலாம். அப்புறம் பள்ளியின் சொந்தத் தேர்வும் நேர்காணலும் இருக்கும். மனப்பாடம் செய்த பதில்களை நேர்காணல் எடுப்பவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். பிள்ளை தனக்கு உண்மையிலேயே பிடித்த ஒன்றைப் பற்றி ஐந்து நிமிடம் பேசப் பழகினால் போதும்.

மூன்று பள்ளிகளையாவது, முடிந்தால் சாதாரண வேலைநாளில், நேரில் பாருங்கள். தலைமையாசிரியரைவிட ஹவுஸ்மாஸ்டரிடம் அதிக நேரம் பேசுங்கள். இன்னும் எத்தனை ஆண்டு இந்த ஹவுஸில் இருப்பார் என்றும் கேளுங்கள். போக முடியாவிட்டால், அந்த ஹவுஸில் இப்போது பிள்ளை படிக்கும் ஒரு வெளிநாட்டுக் குடும்பத்தோடு பேச ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.

படி 8: கையெழுத்துக்கு முன்

இடம் கிடைத்ததும் டெபாசிட் கேட்பார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அது ஒரு டெர்ம் கட்டணம் அளவுக்குக்கூட இருக்கும். ஒப்பந்தத்தில் "ஒரு முழு டெர்ம் முன்னறிவிப்பு" என்ற விதியைத் தேடிப் படியுங்கள். பிள்ளையை டிசம்பரில் நிறுத்த நினைத்தால், செப்டம்பர் டெர்மின் முதல் நாளுக்கு முன்பே எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும் என்பது இதன் வழக்கமான பொருள். அக்டோபரில் சொன்னால், போகாத அடுத்த டெர்முக்கும் முழுக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். சேர்வதற்கு முன்பே மனம் மாறினாலும் இது பொருந்துமா என்று கேளுங்கள்.

படி 9: விசா

சேர்க்கையை உறுதிசெய்து பள்ளி தரும் காஸ் எண் வந்ததும் சைல்ட் ஸ்டூடன்ட் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். 16, 17 வயதினர் ஸ்டூடன்ட் விசாவும் கேட்கலாம். படிப்பு தொடங்குவதற்கு ஆறு மாதம் முன்பிலிருந்தே விண்ணப்பிக்க முடியும். பெற்றோரின் எழுத்துபூர்வ ஒப்புதல், ஓராண்டுக் கட்டணத்துக்கான பணம் 28 நாள் தொடர்ந்து கணக்கில் இருந்ததற்கான ஆதாரம், இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு அங்கீகரிக்கப்பட்ட கிளினிக்கில் எடுத்த காசநோய்ச் சான்றிதழ் ஆகியவை வேண்டும். 28 நாள் கணக்கில் ஒரு நாள் இடையில் குறைந்தாலும் விசா மறுக்கப்படலாம். எனவே அந்தக் கணக்கிலிருந்து விமான டிக்கெட் வாங்காதீர்கள்.

விசா வந்ததும் மேட்ரனுக்கு நீங்களே ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள்: சைவமா, முட்டை சாப்பிடுவானா, என்ன ஒவ்வாமை, என்ன மருந்து. பெட்டியில் போட்டு அனுப்பும் மாத்திரைகளை ஹவுஸில் ஒப்படைக்கச் சொல்வார்கள். அதனால் அட்டையைப் பிரிக்காமல், டாக்டர் எழுதிய ஆங்கிலச் சீட்டோடு சேர்த்து வையுங்கள்.