முங்யோங் சேஜே படப்பிடிப்பு அரங்கு: முதன்முறை செல்பவர்களுக்கான வழிகாட்டி

கொரியச் சரித்திரத் தொடர்களில் அரண்மனை முற்றமும் அதன் பின்னே எழும் மலையும் ஒரே காட்சியில் வருவதைக் கண்டு வியந்தவர்கள், தென்கொரியாவின் வட கியோங்சாங் மாகாணத்தில் உள்ள முங்யோங் சேஜே திறந்தவெளி அரங்கை அவசியம் நேரில் பார்க்க வேண்டும். முங்யோங்கின் மலைகள், கொரியாவை 918 முதல் 1392 வரை ஆண்ட கோரியோ அரசின் தலைநகரான கேசோங்கை அடுத்த சோங்காக் மலையைப் போலத் தோற்றமளிப்பதால், கேபிஎஸ் தொலைக்காட்சி 2000ஆம் ஆண்டில் 'தேஜோ வாங் கோன்' தொடருக்காக இங்கே கோரியோ கால அரண்மனைகளை எழுப்பியது. 2008இல் அவற்றின் இடத்தில் அடுத்து வந்த ஜோசோன் அரச காலத்துத் தலைநகரம் உருவாக்கப்பட்டது. இன்று நாம் பார்ப்பது அதைத்தான்.

படி 1: சென்று சேர்தல்

தலைநகர் சோலுக்குத் தெற்கே உள்ள பாங்யோவிலிருந்து முங்யோங்குக்கு நேரடி ரயில் 2024 நவம்பர் இறுதியில் தொடங்கியது. பயண நேரம் சுமார் ஒன்றரை மணி. நிலையத்திலிருந்து பேருந்திலோ டாக்சியிலோ அரங்கு அமைந்துள்ள பூங்காவை அடையலாம். வாகன நிறுத்துமிடத்திலிருந்து அரங்கு வரை மின்வண்டி ஓடுகிறது என்றாலும், நடக்க முடிந்தவர்கள் நடந்தே செல்லுங்கள். பாதை எளிதானது.

படி 2: முதலில் உண்மையான வாயிலைப் பாருங்கள்

வழியில் எதிர்ப்படும் ஜூஹுல்குவான் என்னும் முதல் வாயில் அரங்கின் பகுதியன்று. 1708இல் கட்டப்பட்ட உண்மையான கோட்டை வாயில். 1592இல் ஜப்பானியப் படை வந்தபோது கொரியத் தளபதி சேஜே எனப்படும் இந்த மலைக் கணவாயைக் காக்காமல் சுங்ஜு நகரின் சமவெளியில் போரிட்டுத் தோற்றார். அந்தத் தோல்வி கற்பித்த பாடத்தால்தான் இங்கே வாயில்கள் எழுந்தன. இதன் கல்லையும் மரத்தையும் நன்றாகப் பார்த்துக்கொண்டால், உள்ளே கலை இயக்குநர்கள் எதைப் பின்பற்ற முயன்றார்கள் என்பது விளங்கும். பலர் இங்கே நிற்காமல் போய்விடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

படி 3: அரண்மனைப் பகுதி

சோலில் உள்ள ஜோசோன் அரண்மனை கியோங்போக்குங்; அதன் முதன்மை வாயில் குவாங்ஹ்வாமுன். அரங்கிற்குள் இந்த வாயிலின் நகல் வழியாக நுழைந்து அரண்மனையின் நகலுக்குச் செல்லுங்கள். இந்த நகல் எழுந்த 2008இல் சோலில் இருந்த அசல் வாயில் மறுசீரமைப்புக்காகப் பிரிக்கப்பட்டிருந்தது. 2010இல்தான் அது மீண்டும் திறக்கப்பட்டது. கூரையடி மரங்களில் தீட்டிய பல வண்ண அலங்காரத்தைக் கவனியுங்கள். பின்பு முற்றத்தின் நடுவிலிருந்து பின்வாங்கியபடியே, கூரை விளிம்பும் மலைமுகடும் ஒன்றையொன்று தொடும் இடத்தைத் தேடுங்கள். மின்கம்பமோ அடுக்குமாடியோ குறுக்கிடாத அந்தக் கோணத்துக்காகவே படப்பிடிப்புக் குழுவினர் இவ்வளவு தூரம் வருகிறார்கள். பாதி நேரத்தை இங்கேயே செலவிட்டாலும் தவறில்லை.

படி 4: குடியிருப்புத் தெருக்கள்

பிரபுக்களின் ஓட்டு வீடுகளையும் எளியவர்களின் கூரை வீடுகளையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது, அந்தக் காலத்து ஏற்றத்தாழ்வு கண்ணெதிரே தெரியும்.

படி 5: படப்பிடிப்பு நடந்தால்

இது இன்றும் பயன்பாட்டில் உள்ள அரங்கு என்பதால் சில பகுதிகள் தற்காலிகமாக மூடப்படலாம். பணியாளர்கள் சொல்வதைக் கேட்டு, அமைதியாக விலகிச் செல்லுங்கள். வெளிவராத காட்சியைப் படமெடுத்துப் பகிர்வது பலருடைய உழைப்பைக் கெடுக்கும்.

படி 6: நேரமிருந்தால் மலைப்பாதை

முதல் வாயிலிலிருந்து மூன்றாம் வாயில் வரை 6.5 கிலோமீட்டர் மண்பாதை செல்கிறது. வெறுங்காலுடன் நடப்பவர்களும் உண்டு. தென்கிழக்குப் பகுதியிலிருந்து அரசுத் தேர்வு எழுதத் தலைநகருக்குச் சென்றவர்கள் இவ்வழியையே விரும்பினார்களாம். முங்யோங் என்ற பெயருக்கு நற்செய்தி கேட்டல் என்று பொருள் சொல்வார்கள். மற்றொரு கணவாயான சுபுங்னியோங்கின் பெயரோ இலையுதிர்வதைப் போலத் தேர்வில் உதிர்ந்துபோவதை நினைவூட்டியது. புதியவர்கள் சுமார் 3 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இரண்டாம் வாயில் வரை சென்று திரும்பினால் போதும். மலைநிழல் சீக்கிரம் விழுவதால் நண்பகலுக்கு முன்பே நடக்கத் தொடங்குங்கள்.