இங்கிலீஷ் அட்ஜெக்டிவ்: நம்மாளுங்க எங்கெங்க வழுக்குறோம்

அட்ஜெக்டிவ்னா வேற ஒண்ணும் இல்லைங்க, தமிழ் கிளாஸ்ல பெயரடைன்னு படிச்சோமே அதேதான், ஒரு பெயர்ச்சொல்லோட குணம், நிறம், அளவு எல்லாம் சொல்ற வார்த்தை. பெரிய வீடு, பிக் ஹவுஸ். பெரிய வீடுகள், பிக் ஹவுசஸ். ரெண்டு மொழியிலயும் அது முன்னாடிதான் வருது, பன்மை ஆனாலும் மாறாது. ஹிந்தி மாதிரி படா கர், படீ காடின்னு ஆண்பால் பெண்பால் தொல்லையும் இல்ல, அதனால இந்தப் பகுதியில நமக்கு பாதி வேலை மிச்சம்.

சிக்கல் எங்கன்னா, அட்ஜெக்டிவ் வெர்புக்குப் பின்னாடி வரும்போது. நாம "காபி வாசனை நல்லா இருக்கு"ன்னு "ஆ" போட்டே பேசிப் பழகிட்டோமா, அதே பழக்கத்துல இங்கிலீஷ்லயும் அட்வெர்ப் (வினையடை, ஒரு செயல் எப்படி நடக்குதுன்னு சொல்ற வார்த்தை) போட்டு "தி காபி ஸ்மெல்ஸ் நைஸ்லி"ன்னு எழுதிடுறோம். அது தப்பு, "ஸ்மெல்ஸ் நைஸ்"தான் சரி. லுக், ஸ்மெல், டேஸ்ட், ஃபீல், சவுண்ட் இதெல்லாம் வந்தா அந்த வெர்பை எடுத்துட்டு "இஸ்" போட்டுப் பாருங்க. "தி காபி இஸ் நைஸ்", அர்த்தம் கெடல, அப்போ அட்ஜெக்டிவ். "அவ அழகா பாடுறா"ங்கிறதுக்கு "ஷி சிங்ஸ் பியூட்டிஃபுல்"னு எழுதி, சிங்ஸை எடுத்துட்டு "இஸ்" போட்டு "ஷி இஸ் பியூட்டிஃபுல்"னா பாட்டு போயி ஆளைப் பத்தின பேச்சாயிடுது, அப்போ அங்க "பியூட்டிஃபுலி"தான்.

சில அட்ஜெக்டிவ் முன்னாடி வரவே வராது. அஸ்லீப், அலைவ், அஃப்ரெய்ட் இந்த கோஷ்டி. "தி பேபி இஸ் அஸ்லீப்" ஓகே, "அஸ்லீப் பேபி" கிடையாது, "ஸ்லீப்பிங் பேபி"ன்னு மாத்திக்கணும்.

அடுத்தது போரிங், போர்ட். கிளாஸ்ல உக்காந்து கொட்டாவி விடுற பையன் "ஐ ஆம் போரிங்"னு சொன்னா "நான் ஒரு அறுவை கேஸ்"னு அவனே ஒத்துக்கிட்ட மாதிரி (சில பேர் விஷயத்துல அது உண்மையாவும் இருக்கலாம்). அந்த உணர்ச்சியைக் கிளப்புறது எதுவோ அதுக்கு "இங்", அனுபவிக்கிற ஆளுக்கு "எட்". கிளாஸ் போரிங், பையன் போர்ட். டயரிங், டயர்ட், கன்ஃபியூசிங், கன்ஃபியூஸ்ட் எல்லாத்துக்கும் இதே கணக்குதான்.

நாலஞ்சு அட்ஜெக்டிவ் வரிசையா வந்தா நம்ம அபிப்பிராயம் முதல்ல, அப்புறம் அளவு, வயசு, வடிவம், நிறம், எந்த ஊரு, கடைசியா எதுல செஞ்சது. "எ பியூட்டிஃபுல் லிட்டில் ஓல்ட் பிராஸ் லேம்ப்". இதை மனப்பாடம் பண்ணவே வேணாம்னு நான் சொல்லுவேன், "அழகான சின்ன பழைய பித்தளை விளக்கு"ன்னு தமிழ்ல சொல்லிப் பாருங்க, பெரும்பாலும் அதே வரிசையில வந்து நிக்கும். "பித்தளை பழைய சின்ன விளக்கு"ன்னா நம்ம காதுக்கே உறுத்துதே.

ஆனா எல்லாத்தையும் தமிழ்ல இருந்து தூக்கிட்டுப் போக முடியாது. "சின்னச் சின்ன தப்பு"ங்கிறதை "ஸ்மால் ஸ்மால் மிஸ்டேக்ஸ்"னு சொன்னா நம்மூர்ல புரியும், எக்ஸாம் பேப்பர்ல மார்க் போயிடும், வெறும் "ஸ்மால் மிஸ்டேக்ஸ்" போதும். "இன்னும் நல்லா"ங்கிறதை "மோர் பெட்டர்"னு மாத்துறதும் இதே கதைதான், பெட்டர்லயே அந்த மோர் இருக்கு, அழுத்திச் சொல்லணும்னா "மச் பெட்டர்"னு போடுங்க.