தோட்டப் பட்டணத்துப் பழைய படக்கொட்டகையைக் கலையரங்கமாக மீட்பது எப்படி?

மலேசியாவின் பேராக், கெடா, சிலாங்கூர் மாநிலங்களில் ரப்பர்த் தோட்டங்களை நம்பி எழுந்த பட்டணங்கள் பலவற்றில், கடைத்தெருவின் கோடியில் ஒரு பழைய படக்கொட்டகை இன்னும் நின்றுகொண்டிருக்கிறது. 1980களில் வீடியோ நாடா வீடுகளுக்குள் வந்த பிறகு இவற்றுள் பெரும்பாலானவை மூடப்பட்டன. சில மரச்சாமான் கடைகளாயின, சில கிடங்குகளாயின, சிலவற்றின் சன்னல்களை அடைத்து, உணவாக விற்கும் கூட்டுக்காக உழவாரக் குருவி வளர்த்தார்கள். அப்படியொரு கட்டடத்தை மீட்டு, நாடகமும் நடனமும் இசையும் நடக்கும் அரங்கமாக ஊருக்குத் திருப்பித் தர நினைக்கும் உள்ளூர் அமைப்புகளுக்காக இதை எழுதுகிறேன்.

கொத்தனாரை அழைப்பதற்கு முன்பே செய்து முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. அந்த அரங்கை ஓராண்டில் யார் யார், எந்தெந்த மாதத்தில், எதற்காகப் பயன்படுத்துவார்கள் என்று நாட்காட்டி ஒன்றில் எழுதிப் பாருங்கள். தமிழ்ப்பள்ளியின் ஆண்டு விழா, கோவில் மண்டபத்தில் நடக்கும் பரதநாட்டிய வகுப்பின் சலங்கை பூஜை, உறுமி மேளக் குழுக்களின் பயிற்சி, பொங்கலையும் தீபாவளியையும் ஒட்டிய பட்டிமன்றங்கள், சீனர் சங்கத்தார் தங்கள் நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் நடத்தும் கூத்து, மலாய்ப் பள்ளி மாணவர்களின் டிக்கிர் பாராட் குழுப்பாட்டு என எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்து குறித்துக்கொள்ள வேண்டும். மாதத்துக்கு இரண்டு இரவாவது உள்ளூர்க்காரர்களால் நிறையாத அரங்கை வெளியூர்க் கலைஞர்களைக் கொண்டு நிரப்பிவிட முடியாது. மேடையின் ஆழம், ஒப்பனை அறையின் அளவு, கழிப்பறைகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் இந்த நாட்காட்டியே முடிவு செய்யும். கோலாலம்பூரில் 1947இல் தொடங்கப்பட்ட ரெக்ஸ் படக்கொட்டகை இன்று புத்தகக் கடையும் உணவுக் கடைகளும் இசை நிகழ்ச்சிகளும் உள்ள இடமாக உயிர்பெற்றிருப்பது உண்மைதான். ஆனால் தலைநகரில் நாள்தோறும் வந்துபோகும் சுற்றுலாக் கூட்டம் நம் பட்டணத்துக்கு இல்லை; இங்கே அரங்கைத் தாங்கப் போவது ஊர்மக்கள்தான்.

அடுத்து நில உரிமை. நில அலுவலகத்தில் பட்டாவைத் தேடிப் பார்த்தால், பெயர் இன்னும் மறைந்துவிட்ட முதல் உரிமையாளர் மீதே இருப்பதும், வாரிசுகள் பல ஊர்களில் சிதறிக் கிடப்பதும் வழக்கமாகத் தெரிய வரும். வாய்மொழி ஒப்புதலை நம்பி ஒரு ரிங்கிட்கூடச் செலவிடாதீர்கள். நாட்டின் நிலச் சட்டத்தின்படி மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். பதிவு செய்யாத நீண்டகால ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு கூரையை மாற்றிவிட்டு, பிறகு கட்டடம் கைமாறினால் உங்கள் உழைப்புக்குப் பாதுகாப்பு இருக்காது. குத்தகையில் கையெழுத்திடவும் நன்கொடை வாங்கவும் சட்டப்படியான அமைப்பு ஒன்று வேண்டும் என்பதால், குறைந்தது ஏழு பேர் சேர்ந்து 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்துகொள்ளுங்கள். 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின் கீழ் அங்கீகாரம் கிடைத்தால் நன்கொடையாளர்களுக்கு வரிச் சலுகை உண்டு. தோட்ட நிறுவனங்களிடமும் கடைக்காரர்களிடமும் உதவி கேட்கப் போகும்போது இந்த அங்கீகாரம் பெரிதும் துணைநிற்கும். 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டத்தின் கீழ்க் கட்டடத்தைப் பதிய முயல்வதானால் பழுது பார்க்கும் முன்பே தேசிய மரபுடைமைத் துறையை அணுகுங்கள். முகப்பை இடித்த பிறகு கேட்பதில் பயனில்லை.

கட்டடத்தைச் சோதிக்கச் சரியான நேரம் மழை கொட்டும் மாலைப்பொழுது. மேற்குக் கரையில் ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை அதிகம் என்பதால் அம்மாதங்களில் ஒருநாள் உள்ளே நின்று, நீர் எங்கெங்கே ஒழுகுகிறது என்று சுண்ணக்கட்டியால் தரையில் வட்டமிடுங்கள். மறுநாள் தச்சர் ஒருவரோடு ஏணியில் ஏறி, அந்த வட்டங்களுக்கு நேர்மேலே உள்ள கூரைச் சட்டங்களைப் பார்க்க வேண்டும். உத்திரம் சுவரில் அமரும் முனைதான் முதலில் கெடும். பெயின்ட் பூச்சு வெளியே பளபளப்பாக இருந்தாலும் அந்த முனையில் ஒரு திருப்புளியை அழுத்தினால், நல்ல மரம் எதிர்த்து நிற்கும். கறையான் தின்ற மரத்தில் திருப்புளி சத்தமில்லாமல் பிடிவரை இறங்கி, வெளியே எடுக்கும்போது காபித் தூள் நிறத்தில் மண் உதிரும். ஒவ்வொரு முனையையும் இப்படிச் சோதித்துக் கட்டட வரைபடத்தில் குறித்த பிறகே பொறியாளரிடம் போங்கள். கூரைத் தகடோ உட்கூரைப் பலகையோ கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்ததாக இருந்தால் அதை அறுக்கவோ உடைக்கவோ கூடாது. அதை அகற்றும் பயிற்சி பெற்றவர்களிடம் விட்டுவிடுங்கள். குருவி எச்சமும் வௌவால் எச்சமும் பல ஆண்டுகளாகச் சேர்ந்த இடங்களில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை இருக்கக்கூடும். ஆகவே கூட்டுப்பணி என்று பள்ளிப் பிள்ளைகளை அழைத்து விளக்குமாற்றைக் கையில் கொடுத்துவிடாதீர்கள். முதலில் நீர் தெளித்து நனைத்து, உரிய முகக்கவசம் அணிந்த பெரியவர்கள்தான் அள்ள வேண்டும்.

சுவர் பழைய சுண்ணாம்புச் சாந்தால் கட்டப்பட்டதென்றால் அதற்குச் சுண்ணாம்புப் பூச்சே பொருந்தும். மேலே சிமெண்டை அப்பினால் ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கல்லே உதிரத் தொடங்கும்.

மேடையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மீட்கப்பட்ட அரங்குகள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். படக்கொட்டகையின் மேடை திரையைத் தாங்குவதற்காக மட்டுமே கட்டப்பட்டது. அதற்கு ஆழம் இல்லை, நடிகர் ஒதுங்கி நிற்கப் பக்கவாட்டு இடம் இல்லை, பின்பக்கமாகச் சுற்றி மறுபுறம் போக வழியும் இல்லை. முன்வரிசை நாற்காலிகள் சிலவற்றை எடுத்துவிட்டு மேடையை அரங்குக்குள் நீட்டுவதே செலவு குறைந்த தீர்வு. மேடைத்தளத்தைச் சிமெண்டால் போட்டு மேலே ஓடு பதிக்கும் வழக்கம் நம் மண்டபங்களில் பரவியிருக்கிறது. அந்தத் தளத்தில் தட்டடவு போடும் குழந்தையின் கணுக்காலும் முழங்காலும் என்ன பாடுபடும் என்பதை நடன ஆசிரியர் எவரைக் கேட்டாலும் சொல்வார். செங்கால் மரச் சட்டங்களை ரப்பர்த் துண்டுகளின் மேல் கிடத்தி, அவற்றின் மேல் பலகை அடித்தால் தளம் மெல்ல இடங்கொடுக்கும். சலங்கை ஒலியும் பாதத்தின் ஓசையும் தெளிவாக எழும். செங்கால் விலை கூடிய மரந்தான், ஆனாலும் கறையான் எளிதில் அணுகாத மரம் என்பதால் இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். நாற்காலிக்குப் புது உறை போடுவதைத் தள்ளிவைத்தாவது இதைச் செய்யுங்கள்.

ஒலியையும் புதிதாகவே யோசிக்க வேண்டும். திரைக்குப் பின்னிருந்து வரும் ஒலிபெருக்கிக்காக அமைந்த கூடத்தில் உறுமி மேளம் அடித்தால் பின்சுவரில் மோதி இரட்டிப்பாகத் திரும்பி வரும். பின்சுவரில் கனமான துணித்திரை தொங்கவிட்டாலே பெரும்பகுதி அடங்கிவிடும். தகரக் கூரையின் மேல் மழை விழும்போது நாடகத்தின் ஒரு வசனமும் கேட்காது என்பதால், கூரை மாற்றும்போதே தகட்டின் அடியில் பாறைப்பஞ்சு (ராக்வூல்) விரித்துவிடுங்கள். அது வெப்பத்தையும் தடுத்துக் குளிரூட்டியின் மின்கட்டணத்தைக் குறைக்கும்.

படம் ஓட்டிய அறையை இடிக்காதீர்கள். எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் படச்சுருள்கள் 1950களின் தொடக்கம் வரை புழக்கத்தில் இருந்ததால், பழைய கொட்டகைகளில் அந்த அறைக்குத் தடித்த சுவர்களும், சிறு துவாரங்களை மூடும் இரும்புக் கதவுகளும் வைத்துக் கட்டினார்கள். மேடையை நேராகப் பார்க்கும் அந்த அறை விளக்குக் கட்டுப்பாட்டுக்கு மிகப் பொருத்தமான இடம். உள்ளே பழைய சுருள் பெட்டிகள் கிடைத்தால் வெயிலில் வைக்காமல், தேசிய ஆவணக் காப்பகத்திடம் கேட்டுவிட்டுக் கையாளுங்கள்.

அனுமதிகளை இறுதி மாதத்துக்கு ஒத்திப்போட வேண்டாம். கட்டட வரைபடத்துக்கும் பொழுதுபோக்கு உரிமத்துக்கும் ஊராட்சி மன்றத்தை அணுக வேண்டும். வெளியேறும் வழிகள், அவசர விளக்குகள், திரைத்துணியின் தீத்தடுப்பு ஆகியவற்றைப் பொம்பா எனப்படும் தீயணைப்பு மீட்புத் துறை பார்க்கும். தமிழகத்திலிருந்து பாடகரை அழைத்தால், வெளிநாட்டுக் கலைஞர்களின் நிகழ்ச்சிகளைப் பரிசீலிக்கும் புஸ்பால் குழுவின் அனுமதி தேவை. திரைப்பாடல்களை மேடையில் பாடுவதற்கும் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் பொருந்தும். பாடலாசிரியர், இசையமைப்பாளர் உரிமைக்கு எம்ஏசிபி அமைப்பிடம் உரிமம் வாங்க வேண்டும்.

அரங்கு திறந்த பிறகு நேரத்தை ஊர்மக்களின் நாளுக்கு ஏற்ப வையுங்கள். பால்மரம் சீவுவோரும் செம்பனைக்குலை வெட்டுவோரும் விடியுமுன் எழுபவர்கள், இரவு 7.30க்குத் தொடங்கி 9.30க்குள் முடியும் நிகழ்ச்சிக்கு வருவார்கள், நள்ளிரவு வரை நீள்வதற்கு வரமாட்டார்கள். தலைவர்களின் வரவேற்புரைகளை முதலிலேயே எண்ணிக் கட்டுப்படுத்துங்கள். சம்பளம் போட்ட வாரத்தின் சனிக்கிழமையில் கட்டண நிகழ்ச்சியும், மாதக் கடைசியில் இலவசப் பயிற்சி அரங்கேற்றங்களும் வைப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். பட்டணத்துக்கு வெளியே இன்னும் தோட்டத்து லயங்கள் எனும் வரிசை வீடுகளிலும், துண்டாடப்பட்ட தோட்டங்களிலிருந்து பெயர்ந்து வந்தோர் வாழும் மலிவுவிலை அடுக்ககங்களிலும் இருக்கும் முதியோருக்கு இரவில் வண்டி கிடையாது. பள்ளிப் பேருந்து ஓட்டுநர் ஒருவரோடு மாத ஒப்பந்தம் செய்து, எந்தத் தோட்டத்து முச்சந்தியில் எத்தனை மணிக்கு வண்டி நிற்கும் என்பதை நிகழ்ச்சி அறிவிப்பிலேயே, நுழைவுக் கட்டணத்துக்கு மேல்வரியில், பெரிய எழுத்தில் அச்சிடுங்கள்.