சுழலும் உருளையில் நீரின் ஓட்டம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுழல்மேடையின் மேல் வைத்த கண்ணாடி உருளையிலும், காந்தக் கலக்கியின் மேல் வைத்த பீக்கரிலும் நீரின் நடுவே குழி விழுகிறது. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுவதால் ஒரே சூத்திரத்தை இரண்டுக்கும் போட்டுவிடுவதே முதல் தவறு. முன்னதில் பாத்திரம் சுழல்கிறது. பின்னதில் பாத்திரம் அசையாமல் நிற்க, உள்ளிருக்கும் காந்தத் துண்டு மட்டும் நீரைச் சுழற்றுகிறது. மிக்ஸி ஜாடியில் நடப்பதும் இரண்டாவது வகைதான்.

பாத்திரமும் நீரும் ஒரே திடப்பொருள்போலச் சேர்ந்து சுழலும்போது மட்டுமே மேற்பரப்பு சரியான பரவளைய வடிவம் பெறுகிறது. கோணத் திசைவேகத்தின் வர்க்கத்தை ஆரத்தின் வர்க்கத்தால் பெருக்கி, புவியீர்ப்பு முடுக்கத்தின் இருமடங்கால் வகுத்தால், விளிம்புக்கும் மையத்துக்கும் உள்ள உயர வேறுபாடு கிடைக்கும். ஆரம் 10 செ.மீ., வேகம் நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் வேறுபாடு 2 செ.மீ.; அதாவது மையம் பழைய மட்டத்திலிருந்து 1 செ.மீ. இறங்க, விளிம்பு 1 செ.மீ. ஏறும். இங்கே கோணத் திசைவேகத்தை ரேடியனில் எழுதாமல் விநாடிக்கு இத்தனை சுற்று என்று அப்படியே போட்டால், வர்க்கம் இருப்பதால் விடை ஏறக்குறைய 40 மடங்கு குறைந்துவிடும். வேகம் கூடிக் குழி அடித்தட்டைத் தொட்டுவிட்ட பிறகும் ‘பாதி ஏற்றம், பாதி இறக்கம்’ என்ற கணக்கைத் தொடர்வதும் பிழையே.

அடர்த்தி கூடினால் குழி ஆழம் குறையும் என்று நம்புபவர்கள் உண்டு. சூத்திரத்தில் அடர்த்திக்கு இடமே இல்லை. உத்தராகண்டின் தேவஸ்தலில் உள்ள 4 மீட்டர் திரவ ஆடித் தொலைநோக்கியில், பாதரசம் ஏறக்குறைய 8 விநாடிக்கு ஒரு சுற்று என்ற வேகத்தில் சுழன்று 8 மீட்டர் குவியத் தூரம் கொண்ட ஆடியாகிறது. அதே வேகத்தில் நீரைச் சுழற்றினாலும் குவியத் தூரம் மாறாது. பாதரசத்தைத் தேர்ந்தது அது ஒளியை நன்கு எதிரொளிப்பதால்தான்.

கலக்கிய பீக்கரில் நிலைமை வேறு. மையத்தை ஒட்டிய சிறு பகுதி திடப்பொருள்போலச் சுழலும். அதற்கு வெளியே, சுவரை நெருங்கும்வரை, திசைவேகம் ஏறத்தாழ ஆரத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். சிலுவை வடிவில் வெட்டிய சிறு தக்கையை மிதக்கவிட்டால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும். திடச்சுழற்சியில் அது மையத்தை ஒருமுறை சுற்றி வருவதற்குள் தானும் ஒரு முழுச் சுற்று திரும்பிவிடும். எதிர்விகிதப் பகுதியிலோ, வட்டப் பாதையில் போனாலும் தன்னளவில் திரும்பாது. வட்டமாக ஓடும் நீரெல்லாம் ஒவ்வொரு புள்ளியிலும் சுழிப்புடையது, அதாவது நீரின் ஒவ்வொரு துணுக்கும் தானும் திரும்புகிறது என்று எண்ணுவது இதனால்தான் தவறாகிறது.

இவற்றையெல்லாம்விட அடிக்கடி நேர்வது அடித்தட்டை மறப்பது. நிலையாக நிற்கும் நீரை அதே 10 செ.மீ. உருளையில் வைத்துச் சுழற்றத் தொடங்கினால், சுவரிலிருந்து பாகுநிலை (நீரின் உள் உராய்வு) மட்டுமே வேகத்தை உள்ளே கொண்டுசெல்கிறது என்று கருதிக் கணக்கிடுபவருக்குச் சுமார் 10,000 விநாடி, அதாவது இரண்டே முக்கால் மணி நேரம் கிடைக்கும். உண்மையில் ஒரு நிமிடம், இரண்டு நிமிடத்திலேயே நீர் பாத்திரத்தோடு சேர்ந்துகொள்கிறது. அடித்தட்டை ஒட்டி, உராய்வு செயல்படும் அரை மில்லிமீட்டரும் தடிமன் இல்லாத படலத்தில் (எக்மன் அடுக்கு) நீர் வெளிப்புறமாக வீசப்படுகிறது. அந்த இடத்தை நிரப்ப மேலிருந்து நீர் இறங்க, முழுக் கொள்ளளவும் புரட்டப்படுகிறது. ஆழம் 10 செ.மீ., வேகம் நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் இந்த மாற்றத்தின் பெரும்பகுதி நடக்கும் கால அளவு சுமார் 40 விநாடிதான்.

பாத்திரம் நின்று நீர் மட்டும் சுழன்றால் இந்த ஓட்டம் தலைகீழாகும். கலக்கிய தேநீரில் இலைத் துகள்கள் மையவிலக்கு விசையால் ஓரத்துக்குப் போகாமல் நடுவில் குவிவது இதனால்தான். அடியில் உராய்வால் நீரின் வேகம் குறைய, மேலே உருவான அழுத்த வேறுபாடு அந்த மெதுவான நீரை உள்நோக்கித் தள்ளுகிறது. 1926-இல் ஐன்ஸ்டைன் ஆற்று வளைவுகளை விளக்க எடுத்துக்கொண்டதும் இதே ஓட்டத்தைத்தான்.

கழுவுதொட்டியில் நீர் வடியும் திசையைப் புவிச்சுழற்சியோடு இணைப்பது பழைய வழக்கம். வடக்கு, தெற்கு அரைக்கோளங்களுக்கு இடையே திசை வேறுபடுவது உண்மையே. ஆனால் அதைக் காண 1962-இல் அமெரிக்கப் பொறியியலாளர் ஆஷர் ஷபீரோ சுமார் 1.8 மீட்டர் அகலத் தொட்டியில் நீரை 24 மணி நேரம் அசையாமல் விட வேண்டியிருந்தது. நீர் நிரப்பியபோது எஞ்சிய சிறு சுழற்சியே வீட்டுத் தொட்டியில் திசையைத் தீர்மானிக்கிறது.

மூடிய உருளையில் ஒரு முனைத் தட்டு மட்டும் சுழலும் சோதனையில், அச்சின் மேல் முட்டை வடிவில் ஓட்டம் திரும்பிச் சுழலும் பகுதி தோன்றும். அதைக் குமிழி என்று அழைப்பதால் காற்று புகுந்துவிட்டது என்று எண்ணக் கூடாது; அது நீருக்குள் நீர்தான். அது தோன்றுமா என்பதை ரெனால்ட்ஸ் எண்ணை (ஓட்டத்தின் நிலைமத்துக்கும் பாகுநிலைக்கும் உள்ள விகிதம்) மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. உயரத்துக்கும் ஆரத்துக்கும் உள்ள விகிதமும் தேவை. இச்சோதனையில் சாயத்தை அச்சிலிருந்து சிறிது விலக்கிச் செலுத்தினால், ஓட்டம் முற்றிலும் சமச்சீராக இருந்தாலும் சாயக் கோடு திருகாகத் தெரியும். அந்தத் திருகை ஓட்டத்தின் நிலையின்மை என்று பதிவு செய்வதற்கு முன் சாயம் செலுத்தும் ஊசியின் நிலையைச் சரிபார்க்க வேண்டும்.